வேலியில்லாத மேடு

குசினிக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு மறுபடியும் வெடித்துக் கிளம்பியது. யாரோ மேசையில் படார் படாரென்று தட்டினார்கள். கோப்பைகள் கிலுகிலுத்தன. அடுத்த அறையில் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்த கமலநாயகிக்கு ஒவ்வொரு சிரிப்பும் நெஞ்சுக்குள் உலக்கை விழுவதுபோல இருந்தது.

சிரித்தவர் ஹெர் புரூகமன். ஹோல்ட்பாக் என்ற அந்தச் சின்ன நகரத்துச் சரித்திரக் கழகத்தின் தலைவர். இளைப்பாறிய பள்ளிக்கூட வாத்தியார். அறுபத்தொன்பது வயதில் அப்படிச் சிரிக்கும் மனிதரை அவள் அதுவரை கண்டதில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அந்தச் சிரிப்பு அடியோடு அறுந்துபோகப் போகிறது. அது அவளுக்கும் குசினிக்குள் இருந்த ஸ்ரனிஸ்லாஸுக்கும் மட்டும்தான் தெரியும்.

கதவு மெல்லத் திறந்தது. ஸ்ரனிஸ்லாஸ் தலையை நீட்டினான். குருநகர்ப் பையன், முப்பது வயது. எண்பத்து மூன்றிலேயே வந்துவிட்டதால் அகதிகள் விடுதியில் இருந்த இருபத்தேழு தமிழருக்கும் அவன்தான் ஜேர்மன் நாக்கு.

"அக்கா, எழும்புங்கோ. கிழவன் உங்களைப் பாக்காமல் போகமாட்டாராம். கேக் கொண்டு வந்திருக்கிறார்."

"எனக்குக் காய்ச்சலெண்டு சொல்லு."

"சொன்னனான். அப்ப சூப்பும் கொண்டு வாறன் எண்டுறார்."

"ஐயோ!"

"பேப்பரிலையும் படம் வந்திட்டுது. எங்கட சிரட்டை, அக்கா! அரைப் பக்கத்துக்கு!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"உனக்குப் பகிடி. எனக்கு வயிறு எரியுது. போடா வெளியிலை."

கமலநாயகி எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தலைமாட்டுச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. கணவர் உருத்திரமூர்த்தியும் பன்னிரண்டு வயது மகள் மல்லிகாவும். அவர்கள் இருவரும் கொழும்பில் ஒரு உறவினர் வீட்டுப் பின்னறையில், இவளுடைய கடிதத்தை எதிர்பார்த்தபடி இருக்கிறார்கள். கையில் இருந்ததற்கு ஒரு டிக்கற்தான் வந்தது. கணவருக்கு இருதய வருத்தம். அதனால் இவள் புறப்பட்டாள். கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்குக்குக் கடந்து, கடைசியில் எசனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளியிருந்த இந்த ஊரில் கொண்டுவந்து விடப்பட்டாள். அவளுடைய அன்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், எங்கோ ஒரு அலுவலகத்தில் ஒரு கட்டுக்குள் கிடந்தது. அதற்கு நல்ல பதில் வந்தால்தான் அவர்கள் இருவரும் வரலாம். ஒரு பொலிஸ் முறைப்பாடு போதும், எல்லாம் பாழ் என்று விடுதியில் எல்லாரும் சொன்னார்கள். கமலநாயகி பச்சை விளக்கு எரியாமல் தெருவைக்கூடக் கடக்காதவள்.

அப்பேர்ப்பட்டவள்தான் ஜனவரி பதினான்காம் திகதி அந்தக் காரியத்தைச் செய்தாள்.

விடுதி முன்னொரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது. குசினியில் மூன்று மின்சார அடுப்பு. போன வருஷப் பொங்கலன்று பால் பொங்கி அடுப்புக்குள் வழிந்து, கட்டடம் முழுக்க மின்சாரம் போய், விடுதிப் பொறுப்பாளர் காட்டுக் கூச்சல் போட்டார். இனிமேல் பால் பொங்கவே கூடாது என்று கட்டளை. பால் பொங்காமல் ஒரு தைப்பொங்கலா! வெளியே பொங்கலாம் என்றால் முற்றம் முழுக்கத் தார். சூரியனும் அந்த மாதத்தில் எட்டரைக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். அதுவும் மரங்களுக்கு மேலே வர மத்தியானம் ஆகிவிடும். சூரியன் வரும்போதே தெரியக்கூடிய இடம் ஊரிலேயே ஒன்றுதான். விடுதிக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த பானை மாதிரி ஒரு மண்மேடு. இரண்டு பனை உயரம். சுற்றி வர ஒரு பள்ளம்.

"அது ஆற்றையும் காணியோ?" என்று கமலநாயகி கேட்டாள்.

"வேலி இல்லையே அக்கா," என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு முழத் துண்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட் படி ஏறுகிறவர்கள். சொந்தக்காரன் இருக்கிற காணிக்கு வேலி இருக்கும். வேலி இல்லையென்றால் சொந்தக்காரன் இல்லை. அடிவாரத்தில் ஒரு பலகை நின்றது உண்மைதான். அதை மூடிப் பனி கிடந்தது. பனி இல்லாவிட்டாலும் அதை வாசித்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

அலவாங்குக் கடப்பாரையால் குழி தோண்டி, மூன்று கல் வைத்து, பொங்கினார்கள். மண்பானைக்குப் பதில் அலுமினியச் சட்டி. எசன் கடையில் வாங்கிய தேங்காய். விறகு ஈரம், சிரட்டையைப் போட்டுத்தான் நெருப்பு பிடித்தது. சரியாக எட்டே முக்காலுக்கு, பனிமூட்டத்துக்குள்ளிருந்து சூரியன் வெள்ளித் தட்டு மாதிரி வெளியே வந்தபோது பால் பொங்கி வழிந்தது. கத்தோலிக்கனான ஸ்ரனிஸ்லாஸ்தான் எல்லாருக்கும் முதல் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தியவன். பிறகு கமலநாயகி குழியை மூடி, எடுத்து வைத்த புல்தரையை அப்படியே மேலே பதித்து, காலால் மிதித்து, ஒரு அடையாளமும் இல்லாமல் துப்புரவாக்கிவிட்டுத்தான் இறங்கினாள். அந்தத் துப்புரவுதான் அவளுக்கு வினையாக வந்தது.

ஜூனில் அந்த மேட்டைத் தோண்டிப் பார்க்கச் சரித்திரக் கழகத்துக்கு அனுமதி கிடைத்தது. அகதிகளுக்கு வேறு வேலை செய்ய அனுமதியில்லை. நகரசபை கொடுக்கும் பொதுவேலை மட்டும் செய்யலாம். ஆகவே மண்வெட்டியோடு பத்துப் பேரை அங்கேயே அனுப்பினார்கள். அனுப்பப்பட்ட இடத்தைக் கண்டதும் கமலநாயகிக்குத் தலை சுற்றியது.

புரூகமன் முதல் நாளே எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவில் உள்ள எல்லை நாட்டுக்கு அவர் ஒருமுறை போயிருக்கிறார். அங்கே நோர்மன் பிரபுக்கள் கட்டிய கோட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, மூன்று வருஷம் உட்கார்ந்து, நெருப்புக்குச்சிகளால் அதே மாதிரி ஒன்று செய்திருந்தார். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். நடுவில் மனிதர் கூடையில் சுமந்து குவித்த மண்மேடு. உச்சியில் மரக் கோபுரம். கீழே ஒரு முற்றம். அதற்குள் குதிரைக்கொட்டில், சமையற்கட்டு, கிணறு. எல்லாவற்றையும் சுற்றி, கூர்சீவிய மரங்களை நெருக்கி நட்ட வேலி. அதற்கு வெளியே அகழி.

"கல் இல்லாத கோட்டை. கல் வாங்க நேரமில்லை. எதிரி பக்கத்திலேயே இருக்கிறான். மண்ணும் மரமும்தான்," என்றார் புரூகமன். "நம்முடைய மேடும் அதன் தம்பிதான். எண்ணூறு வருஷம். ஆனால் மேலே கோபுரம் இருந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை. சும்மா மண்குவியல் என்று பல்கலைக்கழகத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்."

கமலநாயகி அந்த நெருப்புக்குச்சி வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடப் பாவிகளே, வேலி இருந்திருக்கிறதே! எண்ணூறு வருஷத்தில் உக்கிப் போய்விட்டதே!

புதன்கிழமை அவள் அடிவாரத்தில் ஓட்டுத் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேலே ஆரவாரம் கேட்டது. மூன்று கல். கரி. கரிக்குள் பாதிக் கிண்ணம். கண்ணுள்ள சிரட்டை எரிந்து போயிருந்தது. கண்ணில்லாத பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. புரூகமன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குழந்தைபோல அழுதார். பிளாஸ்ரிக் பையில் போட்டு, "குடிகிண்ணம், மரம், பன்னிரண்டாம் நூற்றாண்டு" என்று எழுதினார். பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டார். ஞாயிறன்று வந்து பார்க்கச் சொல்லி மேயருக்கும், தன்னைப் பார்த்துச் சிரித்த பேராசிரியருக்கும் தந்தி கொடுத்தார்.

பேராசிரியர் அந்தச் சிரட்டையை ஒருதரம் மணந்து பார்த்தால் போதும்.

மூன்று நாளாகக் கமலநாயகி தூங்கவில்லை. சொன்னால், பாதுகாக்கப்பட்ட இடத்தில் நெருப்பு மூட்டியவள் என்று தன் பெயர் எழுதப்படும்; அன்ராக் போய்விடும்; மகள் வரமாட்டாள். சொல்லாவிட்டால், ஊர் பார்க்க அந்த மனிதர் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு நிற்பார். சுவரில் மல்லிகா சிரித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்ய, என் செல்லமே?

குசினிக்குள்ளிருந்து இன்னொரு சிரிப்பு.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆ, ஃப்ராவ் கமலா!" புரூகமன் எழுந்து நின்று கதிரையை இழுத்துக் கொடுத்தார். மேசையில் பத்திரிகை விரிந்து கிடந்தது. படத்தில் அவர் பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே இவருக்குச் சொல்லு. அது எங்கட அடுப்பு. இது கிண்ணமில்லை, சிரட்டை."

ஸ்ரனிஸ்லாஸ் முகம் மாறாமல் ஜேர்மனில் நெடுநேரம் பேசினான். புரூகமனின் கண்கள் கலங்கின. அவர் கேக்கின் பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளினார்.

"என்னடா சொன்னனீ?"

"புருஷனையும் பிள்ளையையும் நினைச்சுக் கவலையெண்டு சொன்னனான். பொய்யில்லைத்தானே?"

"அறுவானே! உள்ளதைச் சொல்லடா!"

"மாட்டன் அக்கா. உங்களுக்கு விசரோ? பிறகு பொலிஸ், கோர்ட், திருப்பி அனுப்புறது... நான் சொல்லமாட்டன். குத்தினாலும் சொல்லமாட்டன்."

கமலநாயகி அவனை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள். நேற்றுத் துருவிய தேங்காயின் சிரட்டை அங்கே இருந்தது. அடுப்பை முறுக்கிவிட்டு அதைச் சிவந்த தட்டில் கவிழ்த்து வைத்தாள். புகை வந்தது. விளிம்பு கருகியது. இடுக்கியால் தூக்கிக் கொண்டுவந்து பத்திரிகைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த நாலு ஜேர்மன் சொல்லைப் பொறுக்கியெடுத்துச் சொன்னாள்:

"நான். நெருப்பு. ஜனவரி. மன்னியுங்கோ."

கிழவர் சிரட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் சிரட்டையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய உதடு துடித்ததைக் கண்டபோது கமலநாயகிக்கு, பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"நாளைக்கு," என்றார் அவர் மெதுவாக, "மேயர் வருகிறார். பட்டணத்து வாத்தியக் குழுவும் வருகிறது."

ஸ்ரனிஸ்லாஸ் இப்போது ஒழுங்காக மொழிபெயர்த்தான்.

அவர் சிரட்டையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். வகுப்பில் தப்பாகச் சொன்ன பிள்ளையிடம், அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வாத்தியார்க் குரல். "மேடு இவ்வளவு பெரியது. ஏன் சரியாக அந்த இடத்தில்?"

"மற்ற இடமெல்லாம் கல்லு மாதிரி இறுக்கம்," என்றாள் கமலநாயகி. "இவன் அலவாங்காலை அஞ்சாறு இடம் குத்திப் பாத்தான். டங் டங்கெண்டு எகிறிச்சுது. இந்த ஒரு இடத்திலைதான் தொப்பெண்டு இறங்கினது. வட்டமா, கறுத்த மண். சுத்திவர மஞ்சள் களி, நடுவிலை மட்டும் பொதுபொதுவெண்டு. எனக்கு அப்பவே தெரியும்."

"என்ன தெரியும்?"

"இதிலை முந்தி ஒரு கால் நட்டிருக்கினமெண்டு. எங்கட வீட்டிலை நாலு கலியாணம் நடந்தது. பந்தல்கால் நட்ட குழியை எவ்வளவுதான் இறுக்கி மூடினாலும், அடுத்த கலியாணத்துக்குக் கிண்டேக்கை மண் இளகித்தான் கிடக்கும். மரம் நிண்ட இடத்தை மண் மறக்காது."

ஸ்ரனிஸ்லாஸ் அதைச் சொல்லி முடிக்கவில்லை. புரூகமன் கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு எழுந்தார்.

"எவ்வளவு பெரிய வட்டம்?"

கமலநாயகி இரண்டு கையாலும் காட்டினாள். ஒரு சுளகு அளவு.

"ஓ என் கடவுளே," என்றார் அவர். "மண்வெட்டி! மண்வெட்டி எங்கே?"

ஜூன் மாதத்துச் சாயங்காலம். வெயில் இன்னும் மேட்டின்மேல் நின்றது. கேக்கை அப்படியே போட்டுவிட்டு மூன்று பேரும் ஓடினார்கள். பொங்கல் அடுப்புக் கரியை அள்ளி ஒதுக்கிவிட்டு, கிழவர் முழங்காலில் நின்று தூரிகையால் துடைத்துத் துடைத்துக் கீழே போனார். ஒரு சாண் ஆழத்தில் அது வந்தது. மஞ்சள் களிமண்ணின் நடுவே, வரைந்து வைத்தாற்போல ஒரு கறுத்த வட்டம். உக்கிய மரத்தின் நார்கூட விரலில் ஒட்டியது.

"ஒற்றைக் காலிலை பந்தல் நிக்காது," என்றாள் கமலநாயகி. அலவாங்கை வாங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கிழக்குப் பக்கமாக அடி எடுத்து எடுத்து, இரண்டடிக்கு ஒருதரம் குத்திக்கொண்டே போனாள். டங். டங். டங். ஸ்ரனிஸ்லாஸ் பின்னாலேயே போனான். டங். தொப்!

"அக்கா!" என்று அவன் அலறினான்.

இருட்டுவதற்குள் நாலு கால். நாலும் சரியான சதுரத்தில். மற்ற அகதிகளும் சத்தம் கேட்டு மேட்டில் ஏறி வந்திருந்தார்கள். புரூகமன் ஸ்ரனிஸ்லாஸைக் கட்டிப்பிடித்து நடனமாடினார். அழுதுகொண்டே சிரித்தார். "கோபுரம்! கோபுரம்!" என்று ஹோல்ட்பாக் நகரம் கேட்கக் கத்தினார்.

பிறகு நிதானத்துக்கு வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கமலநாயகியிடம் திரும்பினார். "ஃப்ராவ் கமலா, ஒன்று சொல்லவேண்டும். அறிக்கையில் நான் உள்ளதை எழுதியாக வேண்டும். ஜனவரி நெருப்பையும்தான். ஒளித்தால் அது அறிக்கையில்லை."

"கிழவனுக்கு நன்றி கெட்ட மனம்!" என்று ஸ்ரனிஸ்லாஸ் தமிழில் சீறினான்.

"அவர் வாத்தியாரடா," என்றாள் அவள். "அவர் எழுதட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கொண்டாட்டத்தை எப்படிச் சொல்வது! பேராசிரியர் வந்தார். நாலு வட்டத்தையும் கண்டார். போட்டிருந்த நல்ல காற்சட்டையோடு சேற்றில் முழங்காலிட்டார். எழுந்து வந்து, எல்லாருக்கும் முன்னால் புரூகமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். புரூகமன் தானாகவே சிரட்டைக் கதையைச் சொன்னபோது மேயர் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடித்தார். வாத்தியக் குழு வாசித்தது. எல்லாரும் கமலநாயகியின் கையைக் குலுக்கினார்கள். அவள் எல்லாருக்கும் தலையசைத்தாள். ஆனால் அவள் நினைப்பெல்லாம் மூன்று சொல்லில் நின்றது. அறிக்கை. அன்ராக். மல்லிகா.

நாலு நாள் அப்படியே போயிற்று. தபால்காரன் சைக்கிள் மணி அடித்தால் அவள் வாசலுக்கு ஓடுவாள்.

வியாழக்கிழமை பின்னேரம் அறைக் கதவில் தட்டும் சத்தம். புரூகமன் தனியாக நின்றார். கழுத்துப்பட்டி, கறுப்புக் கோட்டு, கையில் கடித உறை. பின்னால் ஸ்ரனிஸ்லாஸ்.

"நான் நகரசபைக்குப் போனேன்," என்றார் அவர், உட்காராமல். "ஒழுங்கு அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டினார். நெருப்பு மூட்டியதற்கு எச்சரிக்கைக் கடிதம் உண்டு என்றார். இதோ. அவ்வளவுதான்."

"என்ர அன்ராக்?"

"அதையும் கேட்டேன். அகதி விஷயம் வேறு ஊரில், வேறு ஆட்கள் பார்ப்பது என்றார். பாற்சோறு சமைத்த கதையை அங்கே அனுப்ப இங்கே யாருக்கும் வேலையில்லையாம். நான் விடவில்லை. அதை எழுதித் தரச் சொன்னேன். அவர் கோபப்பட்டார். எழுதித் தந்தார். முத்திரையும் குத்தினார்."

ஸ்ரனிஸ்லாஸ் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுக் கடிதத்தைப் பறித்து இரண்டுதரம் வாசித்தான். "உண்மைதான் அக்கா! முத்திரை கிடக்கு! பயமில்லை! நான் கிழவனைச் சும்மா ஏசிப்போட்டன்!"

கமலநாயகி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை வந்தது. அது எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. இரண்டு வருஷமாக அழாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. இரண்டு ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னும் ஒன்று," என்றார் புரூகமன். "அறிக்கையில் கோபுரத்தின் கால்களைக் கண்டுபிடித்தவர் பெயர் வரவேண்டும். என் பெயரில்லை, உங்கள் பெயர். முழுப் பெயர் என்ன? எழுத்துப் பிழை இருக்கக்கூடாது."

அறிக்கைத் தாளை உறையிலிருந்து எடுத்து வைத்துப் பேனாவை நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அவர் காட்டிய கோட்டின்மேல் ஆங்கில எழுத்தில் மெல்ல எழுதினாள். கமலநாயகி உருத்திரமூர்த்தி. எழுதிவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தாள். நாட்டை விட்டு வந்த பிறகு அந்தப் பெயரை எத்தனையோ படிவத்தில் எழுதியிருக்கிறாள். எல்லாம் ஏதாவது தரச் சொல்லிக் கேட்கும் படிவங்கள்.

"இதிலை ஒரு பிரதி தருவாரோ எண்டு கேள். என்ர மனுசனுக்கு அனுப்பவேணும். மல்லிகாவும் பாக்கட்டும்."

அவள் கேட்கும் முன்பே அவர் இரண்டு பிரதி கொண்டுவந்திருந்தார்; அவள் எழுதியதைப் பார்த்து அவற்றிலும் பெயரை எழுதினார். ஒன்றை மேசையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையால் ஒருதரம் தடவிவிட்டார். கமலநாயகி தேத்தண்ணி போட எழும்பினாள். அவர் மணிக்கூட்டைக் காட்டினார். ஆறு மணிக்குக் கழகக் கூட்டம், தலைவர் பிந்தக்கூடாது. சப்பாத்தில் ஒட்டியிருந்த களி நிலத்தில் உதிர்ந்திருந்ததைக் கண்டு வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார்.

"பரவாயில்லை, நான் கூட்டுறன். கவனமாப் போயிட்டு வாங்கோ," என்றாள் அவள் தமிழில்.

புரூகமன் தலைகுனிந்து வணங்கி, தொப்பியைப் போட்டுக்கொண்டு நடையில் இறங்கிப் போனார். ஸ்ரனிஸ்லாஸ் அவரோடு வாசல்வரை போனான். கமலநாயகி அவர்களின் காலடிச் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்தினாள்.